சென்னை உள்துறையிலிருந்து ஜகார்த்தா வரை: டாக்டர் சுப்பராயனின் பொது வாழ்வு

புது தில்லி: 1957-ல் அமைந்த இரண்டாவது மக்களவையில் காங்கிரஸ் உறுப்பினராகத் திருச்செங்கோட்டிலிருந்து வந்தவர் டாக்டர் பி. சுப்பராயன். எதிர்க்கட்சி வரிசையில், கோவையில் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் வென்ற பார்வதி கிருஷ்ணன். இருவரும் தந்தையும் மகளும் ஆவர். அதற்கு முன்பு மாநிலங்களவையிலும் இருவரும் இவ்வாறே எதிரெதிர் அணியில் இருந்தனர்.

குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1889-ல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்றவர் சுப்பராயன். சாதி கடந்து அவர் மணந்துகொண்ட மங்களூர் ராதாபாய், 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் இந்தியப் பெண்களின் பிரதிநிதியாகப் பங்கேற்றவர்.

1926 தேர்தலில் அதிக இடங்களைப் பெற்ற சுயராஜ்யக் கட்சி பதவியேற்க மறுத்தது. கட்சி பலம் ஏதுமில்லாத சுப்பராயனை ஆளுநர் கோஷன் அழைத்து, சென்னை மாகாண முதலமைச்சராக்கினார். சைமன் குழு விவகாரத்தில் சக அமைச்சர்கள் இருவரும் விலகியபோதும் அவர் விலகவில்லை. பதவியைக் காத்துக்கொண்டார் என்ற விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் முத்தையா முதலியாரின் முயற்சியில் வகுப்புவாரி அரசாணை நடைமுறைக்கு வந்தது அந்த அமைச்சரவையின் காலத்தில்தான்.

பின்னர் காங்கிரஸில் சேர்ந்த அவர், 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வித் துறைகளை ஏற்றார். 1938-ல் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது கல்வி அமைச்சர் அவரே. மாகாணமெங்கும் எழுந்த போராட்டத்தையும் சிறை நிரம்பியதையும் அரசுத் தரப்பிலிருந்து பார்த்தார். (அதே ஆண்டுகளில் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் அவர் இருந்தார் என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி.)

1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் அவருக்கு உள்துறை கிடைத்தது. கம்யூனிஸ்டுகள் மீது போலீஸ் நடவடிக்கை கடுமையாக இருந்த காலம் அது. அவருடைய மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதியும் அக்கட்சியின் முன்னணி ஊழியர்கள். காவல்துறையின் பொறுப்பை ஏற்ற எந்தத் தந்தைக்கும் அது எளிய காலமாக இருந்திருக்க முடியாது.

1949-ல் அவர் இந்தோனேசியாவுக்கான இந்தியத் தூதரானார். டச்சு ஆட்சியிலிருந்து அந்நாடு அதிகாரத்தைப் பெற்றது அந்த ஆண்டு டிசம்பரில். அடுத்த மாதமே அதிபர் சுகர்ணோ தில்லி வந்து முதலாவது குடியரசு தின விழாவில் சிறப்பு விருந்தினரானார். 1950-ல் பிரதமர் நேரு இந்தோனேசியா சென்றார். 1951 மார்ச்சில் இரு நாடுகளுக்கிடையே நட்புறவு ஒப்பந்தம் ஏற்பட்டது. புதிய நாட்டில் புதிய தூதரகத்தை நடத்தும் வேலைக்கு, கட்சிச் சண்டையில் ஈடுபாடு குறைந்த அவரது இயல்பு பொருந்தியது எனலாம்.

தாயகம் திரும்பியபின் அவர் செய்த காரியமே தமிழகத்துக்கு முக்கியமானது. 1955-ல் பி.ஜி. கெர் தலைமையில் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்தில் அவர் உறுப்பினர். ஆங்கிலத்தின் இடத்தில் இந்தியைக் கொண்டுவரப் பரிந்துரைத்த அறிக்கையில், வங்க மொழியியல் அறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜியும் சுப்பராயனும் தனித்தனியே மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர். இந்தி பேசாத மக்கள் மீது அவசரமாக மாற்றத்தைத் திணிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். 1938-ன் கல்வி அமைச்சர் இந்த இடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆயின.

இந்தி பேசாதோர் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு மக்களவையில் உறுதியளித்தது 1959-ல். அதே ஆண்டில் சுப்பராயன் மத்தியப் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சரானார். 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, தபால் தந்தி ஊழியர்கள் அவரது துறையினர். தொழிற்சங்கவாதியான அவர் மகளோ எதிர்க்கட்சி வரிசையில்.

1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநராகப் பொறுப்பேற்ற அவர், ஆறே மாதங்களில், அக்டோபர் 6-ல் பதவியில் இருக்கும்போதே காலமானார். ஆங்கிலம் தொடர வழிவகுத்த ஆட்சிமொழிகள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது அதற்கு ஏழு மாதங்கள் கழித்து, 1963 மே மாதத்தில்.