துருவ ஒளியைத் தேடிய பிர்க்கலாண்ட்

நார்வே தேசத்தார் ஸ்வீடன் மன்னரின்கீழ் இருந்த காலத்தில், 1867-ம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதி, இப்போது ஆஸ்லோ என வழங்கும் கிறிஸ்டியானியா நகரில் கிறிஸ்டியன் பிர்க்கலாண்ட் பிறந்தார். திசைகாட்டியின் முள் சில நாட்களில் ஏன் நடுங்குகிறது, துருவ வானில் பச்சை ஒளி ஏன் திரைபோல் அசைகிறது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை சூரியனிடமே உண்டென்று அவர் நம்பினார். ஆனால் இங்கிலாந்தின் கெல்வின் பிரபுவோ, பூமியின் காந்தப் புயல்களுக்குச் சூரியன் காரணமாகாதென்று 1892-லேயே தீர்ப்புக் கூறியிருந்தார். பெரியோர் தீர்ப்பை மறுக்கச் சிறு தேசத்து வாலிபனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

1899-ல் வடநார்வேயில் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள ஹால்டே மலையுச்சியில் அவர் குளிர்காலத்தைக் கழித்தார். அந்த யாத்திரையில் உதவியாளர் ஒருவர் பனிச்சரிவில் மாண்டார். முந்திய யாத்திரையொன்றில் ஒரு மாணவர் குளிரால் விரல்களை இழந்திருந்தார். 1902-03-ல் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவாயா ஸெம்லியா ஆகிய நான்கிடங்களிலும் ஏககாலத்தில் அளவெடுக்கச் செய்தார். சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் பூமியின் காந்தக் கோடுகளைப் பற்றித் துருவங்களில் இறங்குகின்றன, லட்சக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் வானில் ஓடுகிறது என்பது அவர் முடிவு. வெற்றிடமாக்கிய கண்ணாடிப் பெட்டியில் காந்தவுருண்டையொன்றைத் தொங்கவிட்டு, அதன் துருவங்களைச் சுற்றி அவ்வொளியையே உண்டாக்கிக் காட்டினார்.

இதற்கெல்லாம் பணம்? 1903-ல் மின்சார பீரங்கியொன்றைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்ட, அது பெருந்தீயுடன் பழுதாயிற்று. அந்தத் தீப்பிழம்பே அவருக்கு வழிகாட்டிற்று! அதைக்கொண்டு காற்றிலிருந்து உரம் செய்யும் முறையை ஸாம் ஐடெ என்பவருடன் சேர்ந்து கண்டார். நார்வே ஸ்வதந்திரம் பெற்ற 1905-ம் வருஷத்திலேயே அதற்கென ஒரு கம்பெனி எழுந்தது.

1917 ஜூன் 15-ல், தூக்கமருந்து மிகுந்து, டோக்கியோ ஹோட்டலறையில் தனியே இறந்தார். வயது 49. பின்னர் பல்லாண்டுகள் ஆங்கில சாஸ்திரி ஸிட்னி சாப்மனின் கொள்கையே மேலோங்கியது. பிர்க்கலாண்டின் மின்னோட்டங்களைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1962-ல் மாரினர்-2 விண்கலம் சூரியக்காற்று இடைவிடாது வீசுவதை உறுதிசெய்தது. அக்காற்று சாதாரணமாக விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. சூரியனை நோக்கிய பக்கத்தில் சுமார் 60,000 கிலோமீட்டர் பரந்துள்ள நமது காந்த மண்டலம், காற்று வலுக்கும்போது உள்ளே நெருக்குண்கிறது. அக்காற்றின் காந்தம் தெற்கு நோக்கினால், பூமியின் காந்தக் கோடுகளுடன் இணைந்து சக்தி உள்ளே பாய்கிறது. 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருளில் வைத்தது அத்தகைய புயலே. 1960-களில் செயற்கைத் துணைக்கோள்கள் துருவங்களின்மேல் கண்ட மின்னோட்டங்களுக்கு இன்று பிர்க்கலாண்ட் மின்னோட்டங்கள் என்றே பெயர்.