தேரோட்டக் கற்றுத் தந்த டாக்டர்

சர்க்கரை நோய் தாத்தா, பாட்டிக்குத்தான் வரும் என்று நினைக்கிறீர்களா குழந்தைகளே? பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரும். 1922க்கு முன் அப்படி வந்தால் பிழைப்பது அரிது.

அமெரிக்காவில் ஆக்ஸ்போர்டு என்ற சிற்றூரில் (இங்கிலாந்து ஆக்ஸ்போர்டு அல்ல!) 1869ல் பிறந்தவர் எலியட் ஜோஸ்லின். பாஸ்டன் நகரில் டாக்டரானார். அவருடைய தாயாருக்கே சர்க்கரை நோய் வந்தது. உணவில் கண்டிப்பு காட்டினார். அம்மா பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

1922ல் இன்சுலின் வந்தது. சாகவேண்டிய பிள்ளைகள் பிழைத்தனர். ஆனால் தினமும் ஊசி, அளந்த சாப்பாடு, சிறுநீர்ப் பரிசோதனை. பதினான்கு வயதில் இதெல்லாம் அலுத்துப் போகாதா? ஊசியை விட்டுவிட்டாலோ உயிருக்கே ஆபத்து.

மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது என்று ஜோஸ்லின் புரிந்துகொண்டார். பிள்ளையோடு அம்மா, அப்பாவையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பயிற்சி பெற்ற நர்சுகளை வீடுகளுக்கே அனுப்பினார். வாத்தியார் வீடு தேடி வருவது போலத்தான்! உணவு, இன்சுலின், உடற்பயிற்சி மூன்றும் தேரில் பூட்டிய மூன்று குதிரைகள், அவற்றை ஓட்டக் கற்க வேண்டும் என்று விளக்கினார்.

பல ஆண்டுகள் இந்நோயோடு நலமாக வாழ்ந்தவர்களுக்குப் பதக்கமும் கொடுத்தார். 1962ல், 92 வயதில் ஜோஸ்லின் காலமானார். பாஸ்டனில் அவர் பெயரிலுள்ள சிகிச்சை மையத்துக்குப் பிள்ளைகள் இன்றும் பெற்றோரோடு வருகிறார்கள்.