மீனுக்குப் பெயர் வைத்த டாக்டர்!

செங்கல்பட்டுப் பக்கம் ஏரி உள்ள ஊர்க்காரர்களுக்குப் பனையேறி மீனைத் தெரியும். கையளவு மீன். கறுத்த உடம்பு. முதல் மழைக்கு ஏரியை விட்டு வெளியே வரும். செவுள் மூடியைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈர மண்ணில் நடந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும்.

இந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் எழுதி வைத்தார். அவர் டால்டார்ப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி. ஆண்டு 1791. இடம் தரங்கம்பாடி. லண்டன் பண்டிதர்கள் அதைப் படித்தார்கள். பாதிப் பேர் நம்பினார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள்.

தண்ணீரில் வாழவேண்டிய மீன் தரையில் எப்படி மூச்சு விடுகிறது? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து, உயிருள்ள மீன்களைத் தண்ணீரில் வைத்துச் சோதித்துப் பார்த்தார் ஒரு டாக்டர். நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க வந்தவர் அவர். கடைசியில் மீன்களின் டாக்டராகவே ஆகிவிட்டார். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

சென்னைக்கு வந்தார்

இங்கிலாந்தில் சசெக்ஸ் ஜில்லா. அங்கே மேர்ஸ்பீல்டு என்ற ஊரில் 1829-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி டே பிறந்தார். நிலபுலன் உள்ள குடும்பம். லண்டனில் வைத்தியம் படித்தார். 1852-ல், 23-வது வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் டாக்டர் உத்தியோகம் கிடைத்தது.

வந்த புதிதிலேயே பர்மா யுத்தம். அதன் பிறகு ஊர் ஊராக மாற்றல். அந்தக் காலத்து ராணுவ டாக்டர்களில் பலர் ஓய்வு நேரத்தில் வேட்டைக்குப் போவார்கள். டே மீன் கடைக்குப் போனார்! வலை இழுக்கும் இடத்தில் நின்றார். புது மீன் கிடைத்தால் சாராயப் புட்டியில் போட்டு வைத்தார்.

கொச்சியில் வேலை பார்த்தபோது இந்தப் பித்து முற்றியது. கொச்சி ராஜ்யத்தின் சரித்திரம், மக்கள், மரம், மீன் எல்லாவற்றையும் சேர்த்து 1863-ல் ஒரு புத்தகம் போட்டார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றித் தனிப் புத்தகமே வந்துவிட்டது.

அந்த வருஷம் அவர் பெயர் வைத்த மீன்களில் ஒன்று இன்று உலகப் புகழ் பெற்றது. வெள்ளி உடம்பு. மூக்கிலிருந்து நடு உடம்புவரை ரத்தச் சிவப்புக் கோடு. அதன் கீழே கறுப்புக் கோடு. திருவிதாங்கூர் மலை ஆற்றில் பிடித்தது. அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். அவர் பெயரையே மீனுக்கு வைத்தார் டே. மிஸ் கேரளா என்று வண்ண மீன் கடைகளில் சொல்கிறார்களே, அந்த மீன்தான் இது. அழகு அதற்கு ஆபத்தாக முடிந்தது. ஏற்றுமதிக்காக ஆறுகளில் அள்ளி அள்ளி, இப்போது அழியும் நிலையில் உள்ள மீன்களின் சர்வதேசப் பட்டியலில் அது இருக்கிறது. கவர்னரை மறந்துபோன உலகம் மீனை மறக்கவில்லை!

தண்ணீரில் மூழ்கிச் செத்த மீன்

மூச்சுக் கேள்விக்கு வருவோம்.

இங்கிலாந்தில் 1850-களில் கண்ணாடித் தொட்டி மோகம் பிடித்து ஆட்டியது. அதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். ஒரு தொட்டியில் இரண்டு தங்க மீன்களை விட்டார். நாடா போல நீண்ட இலையுள்ள நீர்ச்செடி ஒன்றை நட்டார். செடி தண்ணீரில் பிராணவாயுவைக் கொடுத்தது. மீனின் கழிவு செடிக்கு உரமானது. ஆனால் அழுகிய இலை தண்ணீரைக் கெடுத்தது. உடனே நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதை எழுதி வெளியிட்டார். செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால் தொட்டி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று தெரிந்தது.

டே வேறு வழியில் சோதித்தார். பனையேறி, விரால், குறவை போன்ற மீன்களைத் தண்ணீரில் விட்டு, மேலே வர முடியாதபடி தடுத்தார். தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனாலும் மீன்கள் தவித்தன. சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிச் செத்தன. மீன் தண்ணீரில் மூழ்கிச் செத்தது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான். இந்த மீன்களுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றறை இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றைக் குடிக்கவேண்டும். கோடையில் சேறாகிவிடும் நம் குட்டைகளில் அவை பிழைத்திருப்பது இதனால்தான். இந்தச் சோதனைகளை 1868-ல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் ஏட்டில் டே வெளியிட்டார்.

வீட்டிலே ஒரு குட்டை

இந்த இருவரும் கண்டுபிடித்ததை வைத்து, மோட்டார் இல்லாமல், காற்றுக் குழாய் இல்லாமல், நாவலூர் அடுக்குமாடி வீட்டிலும் ஒரு சின்னக் குட்டையை வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. செலவும் அதிகமில்லை.

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டி போதும். தண்ணீரும் மண்ணும் சேர்ந்தால் 60 கிலோவைத் தாண்டும். ஆட்டம் காணும் மேஜையில் வைக்காதீர்கள். அடியில் ஒரு அங்குலம் சலித்த தோட்டத்து மண். எரு கலந்த மண் கூடாது, தண்ணீர் நாறிவிடும். அதன் மேல் ஒரு அங்குலம் கழுவிய பருமணல். மணல் மூடாவிட்டால் மண் கலங்கும். மணல் மேல் ஒரு தட்டை வைத்து, அந்தத் தட்டின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றவேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். குளோரின் போய்விடும்.

செடியில் கஞ்சத்தனம் கூடாது. முதல் நாளே நெருக்கமாக நடவேண்டும். வேலம்பாசி நம் ஏரிகளில் தானாக வளர்வது. வாரிங்டன் வைத்த நாடாச் செடி வகையும் நம் நாட்டு நீர்நிலைகளில் உண்டு. காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் படும் ஜன்னலோரம் நல்லது. ஜன்னல் இல்லாவிட்டால் சாதாரண எல்.இ.டி. விளக்கு எட்டு மணி நேரம். நாள் முழுவதும் வெயில் பட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும்.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. சும்மா இருக்கவேண்டும்! மூன்று வாரம் மீன் விடக் கூடாது. நத்தை மட்டும் விடலாம். மீனின் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அது மீனுக்கே விஷம். அதை மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் மணலில் குடியேற நாளாகும். செடியும் வேர் பிடிக்கவேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே மீனை விட்டு, மறுவாரம் செத்த மீனை எடுத்துப் போடும் வீடுகள்தான் அதிகம்.

என்ன மீன் விடலாம்? பனையேறி வேண்டாம். மற்ற மீனைக் கடிக்கும். மூடி இல்லாவிட்டால் இரவோடு இரவாக வெளியே நடந்துவிடும். விரால் வளர்ந்தால் தொட்டி கொள்ளாது. டே 1865-ல் பெயர் வைத்த மீன்களில், வயல் வாய்க்காலில் வாழும் ஒரு குட்டிக் கெண்டை உண்டு. விட்டேடஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். அதில் ஆறு விடலாம். அல்லது பனையேறிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு சின்ன மீன் இருக்கிறது. விரல் நீளம். வால் ஊசிபோல் கூர்ந்திருக்கும். காற்றைக் குடித்து வாழும். எச்சில் குமிழிகளால் கூடு கட்டி முட்டையைக் காக்கும். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததால் குபானஸ் என்று பிரான்ஸ் தேசத்தில் பெயர் வைத்தார்கள். அரியாங்குப்பத்திலுள்ள குப்பம் அங்கே போய்க் குபானஸ் ஆகிவிட்டது!

தீனி தினம் ஒரு சிட்டிகை. குழந்தைகள் ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டால் நாலு சிட்டிகை ஆகிவிடும்; கவனம். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கூட்டமாக மீன் வேண்டாம். இரவில் செடியும் பிராணவாயுவைத்தான் உபயோகிக்கிறது. விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்தால் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். (குபானஸ் எப்போதும் அப்படித்தான் வரும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.)

சலித்துப்போனால் கடை மீனை ஏரியில் கொட்டிவிடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கும் உறிஞ்சு வாய் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அப்படிக் கொட்டப்பட்டு, அது இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

அணைக்கட்டும் மீனும்

1867-ல் டேயின் வாழ்வு திரும்பியது. ஆறுகளின் குறுக்கே அணைக்கட்டுகள் வந்தன. விவசாயம் செழித்தது. ஆனால் கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன்கள் என்ன ஆகும்? அணைகளைக் கட்டிய சர் ஆர்தர் காட்டனே இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். விசாரிக்கும் வேலை டேயிடம் வந்தது.

அவர் ஆற்றோரமாகப் போனார். உள்ளம் மீன் அணைக்கட்டின் கீழே முட்டி மோதித் திரும்புவதைப் பற்றி எழுதினார். அணையில் மீன் ஏற வழி வைக்கவேண்டும் என்றார். வலைக் கண்ணுக்கு அளவு வேண்டும், குஞ்சுகளை அள்ளக் கூடாது, ஆற்றில் விஷம் கலக்கக் கூடாது என்றார்.

1871-ல் இந்தியா முழுவதற்கும் மீன்வளத் தலைமை அதிகாரி ஆனார். 1873-ல் நன்னீர் மீனைப் பற்றி ஒன்று, கடல் மீனைப் பற்றி ஒன்று என இரண்டு பெரிய அறிக்கைகள் கொடுத்தார். சர்க்கார் படித்தது, அலமாரியில் வைத்தது. மீனவர் பிழைப்பில் கை வைப்பதா என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. தினம் வலை வீசினால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், நாளைய மீனைப் பற்றிப் பேசுவது சுலபமல்ல.

காவிரியில் உள்ளம் மீன் நிலைக்கவில்லை. 1934-ல் மேட்டூர் அணை எழும்பிய பிறகு அது இன்னும் அரிதாகிவிட்டது.

எல்லாம் டேக்கு வெற்றி என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்து டிரவுட் மீனை நீலகிரியில் வளர்க்க 1860-களில் முயன்றார். வெப்பக் கடலைத் தாண்டி முட்டைகள் உயிரோடு வந்து சேரவில்லை. அந்த வேலையை 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எச்.சி.வில்சன் என்பவர் முடித்தார்.

பெரிய புத்தகம், பெரிய சண்டை

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்தது டேயின் இந்திய மீன்கள் புத்தகம். சுமார் 200 பக்கங்களுக்குப் படங்கள். ஒவ்வொரு மீனுக்கும் சாஸ்திரப் பெயரோடு நிற்கவில்லை. தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளி, பர்மியப் பெயர்களையும் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் எழுதியதால் சில பெயர்கள் உருக்குலைந்துவிட்டன. ஆனாலும் இந்தக் கரையோரத்தில் 150 வருஷத்துக்கு முன் மீனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அறிய அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டவேண்டியிருக்கிறது.

1877-ல் ஓய்வு பெற்றுத் தாய்நாடு போனார். அங்கே ஒரு பகை காத்திருந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன்களுக்கு அதிபதி ஆல்பர்ட் குந்தர். உலக மீன்களைப் பற்றி எட்டுத் தொகுதி எழுதியவர். அந்தப் புத்தகத்தில் தப்புகளைச் சுட்டிக்காட்டினார் டே. குந்தர் பொறுக்கவில்லை. இருவரும் பெரிய அறிவாளிகள். ஆனாலும் மனஸ்தாபம் வளர்ந்துகொண்டே போனது.

1883-ல் லண்டனில் சர்வதேச மீன் கண்காட்சி நடந்தது. டே தம் சேகரிப்பைக் காட்சிக்கு வைத்தார். அது லண்டன் மியூசியத்துக்குப் போகவேண்டியது நியாயம். ஆனால் அதில் பெரும் பங்கை ஆஸ்திரேலியா சிட்னி மியூசியத்துக்கு விற்றுவிட்டார்! சென்னைக் கடலிலும் மலபார் வயலிலும் பிடித்த மீன்கள் புட்டிகளில் ஏறி இன்னொரு கடலைத் தாண்டிப் போயின. மற்றவை கல்கத்தாவிலும் லண்டனிலும் பிரிந்து கிடக்கின்றன. நம் மீனைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் மூன்று கண்டங்களுக்குக் கடிதம் எழுதவேண்டியிருப்பது இதனால்தான்.

டே செல்ட்டனாம் நகரில் குடியிருந்தார். இங்கிலாந்து மீன்களைப் பற்றியும் புத்தகங்கள் எழுதினார். சர்க்கார் 1885-ல் சி.ஐ.இ. பட்டம் கொடுத்தது. இந்திய மீன்களைச் சுருக்கி இரண்டு தொகுதிகளாக எழுதிக்கொண்டிருந்தபோது நோய் பற்றியது. வயிற்றில் புற்றுநோய். 1,400-க்கும் மேற்பட்ட மீன்களைச் சொல்லும் அந்தத் தொகுதிகள் 1889-ல் வந்தன. அதே ஆண்டு ஜூலை 10-ந் தேதி டே காலமானார். வயது 60.

அவர் கேட்ட சட்டம் 1897-ல் வந்தது. ஆற்றிலும் கடலோரத்திலும் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்றது இந்திய மீன்வளச் சட்டம். வலைக் கண்ணின் அளவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் அது மாகாண சர்க்கார்களுக்குக் கொடுத்தது. டே இறந்து அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது.