ஜான் கேரண்ட்: எட்டுத் தோட்டாக்களின் நாயகன்

தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்திற்கு வந்திருக்கும் நம் மாணவர்கள் பலருக்குத் துப்பாக்கி புதிய பொருளன்று. அதைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் பூசி, எண் சொல்லி ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்த நாள்கள் நினைவிருக்கும். ஒப்படைத்த பிறகு அதைப் பிரிந்ததற்காக வருந்தியவர்கள் மிகச் சிலரே!

அமெரிக்காவிலோ நிலைமை வேறு. எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட இராணுவத் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கி, வார இறுதியில் சுடுதளத்திற்குத் தூக்கிச் சென்று, காகித இலக்கைச் சுட்டு மகிழ்பவர்கள் அங்கே ஏராளம். நான்கு கிலோவுக்கு மேல் கனம், எட்டே தோட்டாக்கள், குறிபார்க்கத் தொலைநோக்கியும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் இந்த மோகம்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், அந்தத் துப்பாக்கியை உருவாக்கிய மனிதரின் வாழ்க்கையில் போய் நிற்கிறோம். அவர் பெயர் ஜான் கேரண்ட்.

பண்ணையிலிருந்து நெசவாலைக்கு

1888ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் செயின்ட் ரெமி என்ற ஊருக்கு அருகில் ஒரு பண்ணையில் கேரண்ட் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பம். வீட்டில் பேசிய மொழி பிரெஞ்சு. தாயார் இறந்தபின், 1899இல் தந்தை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எல்லை கடந்து அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குடியேறினார்.

புதிய நாடு, புதிய மொழி, கையில் காசில்லை. பிழைக்கப் போன இடத்தில் சிறுவனுக்குக் கிடைத்தது நெசவாலையில் தரை கூட்டும் வேலை. நம் பாட்டன் பூட்டன் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. கூட்டுகிற நேரம் போக மற்ற நேரங்களில் அவன் கண்கள் இயந்திரங்களின் மேலேயே இருந்தன. ஆங்கிலத்தையும் அங்கேயே கற்றான். பதினெட்டு வயதுக்குள் இயந்திரத் தொழிலாளியாக உயர்ந்துவிட்டான்.

இன்னோர் ஆசையும் அந்நாளில் ஒட்டிக்கொண்டது. துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூடம் ஒன்றில் வேலை செய்தபோது குறிபார்த்துச் சுடுவதில் அவருக்கு அளவற்ற ஈடுபாடு உண்டாயிற்று. எந்தப் போரையும் மனத்தில் வைத்து அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. குறி தவறாமல் அடிக்கும் இன்பமே அவரை இழுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் இதற்கே திரும்பி வருவோம்.

பதினேழு ஆண்டு உழைப்பு

முதல் உலகப் போரின்போது, 1917இல், அமெரிக்க இராணுவம் இலகுவான இயந்திரத் துப்பாக்கி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. கேரண்ட் ஒரு வடிவமைப்பை அனுப்பினார். அது அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. ஆனால் மாதிரி உருவாகி முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது. ஆயினும் அவருடைய திறமையை விட்டுவிட அரசு விரும்பவில்லை. 1919இல் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் வேலை கிடைத்தது. மறு ஆண்டு அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

அவருக்குத் தரப்பட்ட பணி சொல்வதற்கு எளியது. அந்நாளைய போர்வீரன் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ள வேண்டும்; அதே நேரத்தில் அது சேற்றையும் மணலையும் தாங்க வேண்டும், அதிகக் கனமும் இருக்கக் கூடாது.

குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது பின்னால் தள்ளும் வாயுவில் சிறு பகுதியைப் பிடித்து, அதைக் கொண்டே ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளி, போல்ட்டைத் திறக்கச் செய்தார் கேரண்ட். காலியான தோட்டா உறை வெளியே விழும். புதியது உள்ளே ஏறும். வீரன் விசையை மட்டும் மீண்டும் அழுத்தினால் போதும்.

இடையில் ஒரு சோதனை. சிறிய அளவுத் தோட்டாவுக்கு ஏற்ப அவர் வடிவமைத்து வந்த துப்பாக்கி தேறி வந்த நேரத்தில், 1932இல், தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் அந்த அளவு வேண்டாம் என்று முடிவெடுத்தார். பழைய பெரிய தோட்டாக்கள் கிடங்குகளில் மலைபோல் குவிந்திருந்தன. கேரண்ட் சலித்துக்கொள்ளாமல் பெரிய தோட்டாவுக்கு ஏற்ற வடிவத்தை முன்னெடுத்தார். 1936 ஜனவரி 9ஆம் நாள், எம்1 என்ற பெயரில் அமெரிக்க இராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. பணியில் சேர்ந்து பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன!

அதோடு ஓயவில்லை. முதலில் வந்த துப்பாக்கிகளின் வாயு அமைப்பில் குறைகள் தெரிந்தன. விமர்சனங்களும் கிளம்பின. அவர் குறையைத் திருத்தினார். துப்பாக்கியைத் தயாரிப்பதற்கான கருவிகள் பலவற்றையும் அவரே வடிவமைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளின் காலாட்படையினர் பெரும்பாலும் கையால் இழுக்கும் துப்பாக்கியோடு நின்றபோது, அமெரிக்கப் படையினர் கையில் எம்1 இருந்தது. கொரியப் போரிலும் அதுவே முன்னணியில் நின்றது. மொத்தம் ஏறத்தாழ 54 லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

கைக்கு வராத ஒரு லட்சம்

ஒரு துப்பாக்கிக்கு ஒரு டாலர் என்று உரிமைத்தொகை வாங்கியிருந்தால்கூட அவர் பெருஞ்செல்வர் ஆகியிருப்பார். ஆனால் கேரண்ட் தம் காப்புரிமையை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் பெற்றது அரசு ஊழியரின் சம்பளம் மட்டுமே. அவருக்கு ஒரு லட்சம் டாலர் வழங்கவேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறவில்லை. 1944இல் பதக்கம் ஒன்று கிடைத்தது. 1953இல் ஓய்வு பெற்றார். 1974 பிப்ரவரி 16ஆம் நாள், தாம் உழைத்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், 86ஆம் வயதில் காலமானார்.

பழையதின் மேல் ஏன் இந்தப் பிரியம்?

1957இல் எம்14 என்ற புதிய துப்பாக்கி வந்ததும் எம்1 உபரிப் பொருளாயிற்று. தென்கொரியா, கிரீஸ், டென்மார்க் போன்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தவை பல, காலப்போக்கில் தாயகம் திரும்பின. 1996இல் சட்டப்படி அமைக்கப்பட்ட ஓர் அமைப்பு, தகுதியுள்ள குடிமக்களுக்கு இவற்றை விற்று, வரும் பணத்தில் இளையோருக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சியை வளர்க்கிறது. ஓஹையோ மாநிலத்தின் கேம்ப் பெரி சுடுதளத்தில் கேரண்டின் பெயரிலேயே போட்டியும் உண்டு. தூரம் 200 கெஜம். படுத்து நிதானமாகப் பத்து, படுத்து வேகமாகப் பத்து, நின்றபடி பத்து என முப்பது முறை சுடவேண்டும்.

புதிய துப்பாக்கிகள் இதைவிட இலகுவானவை, துல்லியமானவை. ஆனால் எம்1 சுடுபவரிடம் வேலை வாங்குகிறது. இரும்புக் குறிமுனையைக் கண்ணால் பொருத்தி, மூச்சை அடக்கி, கனத்தைத் தோளில் தாங்கியாக வேண்டும். தோட்டாக்களை ஏற்றும்போது கவனம் பிசகினால் போல்ட் பாய்ந்து கட்டைவிரலை நசுக்கிவிடும். எட்டாவது தோட்டா போனதும் காலிக் கிளிப் கிணிங் என்ற ஓசையோடு துள்ளி வெளியே விழும். அந்த ஓசைக்காகவே சுடுபவர்கள் உண்டு.

அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது. கட்டையில் பதிந்த கீறலும், உலோகத்தில் பொறித்த வரிசை எண்ணும், இது முன்பு வேறொருவன் கையில் இருந்தது என்று சொல்லாமல் சொல்கின்றன. போரைப் பற்றி வாய் திறக்காமலே மறைந்த தாத்தா தூக்கிச் சுமந்த பாரம் எவ்வளவு என்பதைப் பேரன் தன் தோளில் உணர்கிறான். எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் இதைத் தர முடியாது.

இதில் ஒரு நெருடலும் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. இது மனிதனைக் கொல்லச் செய்த கருவி. அந்த எட்டுத் தோட்டாக்களுக்கு எதிரே நின்றவனுக்கும் தாய் இருந்தாள். அவனுக்கும் பேரன் பிறந்திருக்கலாம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றமாக இருக்கும் நாட்டில் வளர்ந்த நமக்கு, அதை வீட்டில் வைத்துக் கொண்டாடுவது வியப்பாகவும் சில வேளை அச்சமாகவும் இருப்பது இயல்பே. அந்த அச்சம் நமக்கு இருக்கட்டும்.

ஆனாலும், குறிபார்க்கும் இன்பத்துக்காகத் துப்பாக்கியைத் தொட்ட ஒருவர் செய்த கருவி, இரண்டு போர்களைக் கடந்து, உலகைச் சுற்றி, காகித இலக்கின் முன்னாலேயே மறுபடி வந்து நிற்கிறது. ஒரு லட்சம் டாலர் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் அவர் செதுக்கிய பொருளை, அவர் இறந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும், யாரோ ஒருவர் பொறுமையாகத் துடைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் ஒப்படைப்பதற்காக அல்ல, தமக்கே தமக்காக. ஒரு கைவினைஞருக்கு இதைவிடப் பெரிய ஊதியம் வேறென்ன வேண்டும்?