கிழங்குச் சாற்றில் உறை கண்டவர்

எமரால்டு தோட்டங்களில் விளையும் பீட்ரூட்டுக்கு வெள்ளை நிறத்தில் ஓர் உறவு உண்டு. அதுதான் சர்க்கரைக் கிழங்கு. அதன் சாறுதான் லூயி பாஸ்டரைப் புதிய பாதையில் திருப்பியது.

தோல் பதனிடுபவரின் மகன். பிறந்தது 1822-ல், பிரான்சு நாட்டில். 1856-ல் லீல் நகரில் ரசாயனப் பேராசிரியராக இருந்தார். அப்போது சாராய ஆலை முதலாளி ஒருவர் அவரிடம் வந்தார். கிழங்குச் சாறு சாராயமாகாமல் புளித்துப் போகிறது, பெருநஷ்டம் என்று முறையிட்டார்.

பாஸ்டர் நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல சாற்றில் ஈஸ்ட் அணுக்கள் இருந்தன. புளித்ததில் அவற்றினும் மிகச் சிறிய உயிர்கள்! அவற்றில் துளியளவு எடுத்து, ஈஸ்ட் சத்து கலந்த புதுச் சர்க்கரை நீரில் விட்டார். அதுவும் புளித்தது. நம் பெண்கள் பாலுக்கு உறை ஊற்றுவார்களே, அதே கதைதான்! 1857-ல் இதை உலகுக்குச் சொன்னார்.

உப்பு நீரில் மூழ்கிய முட்டைக்கோசைப் புளிக்க வைப்பதும் இந்த இனமே. பழைய ஜாடி நீரில் ஒரு கரண்டி விட்டால் புளிப்பு விரைவில் பிடிக்கும். உப்பு குறைந்தால் அழுகிவிடலாம்.

1859-ல் மூத்த மகளை டைபாய்டு கொண்டுபோயிற்று. 1865-லும் 1866-லும் மேலும் இரு பெண்கள் இறந்தனர். 1868-ல் பக்கவாதம். ஆனாலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1885-ல் வெறிநாய் கடித்த சிறுவன் அவர் மருந்தால் பிழைத்தான்.

1895-ல் பாஸ்டர் மறைந்தார். 1907-ல் குன்னூரில் அவர் பெயரால் நிலையம் எழுந்தது. நாய்க்கடிபட்டவர்கள் மலையேறி வந்தார்கள்.