முட்டைக்குள் இடம் முக்கியம் என்றவர்: யார் இந்த எர்னஸ்ட் ஜஸ்ட்?

ஒரு முட்டை உயிராக வளர்வதை யார் முடிவு செய்வது? மரபணுக்கள் இருக்கும் உட்கருதான் என்று பலரும் நம்பிய காலத்தில், செல்லின் மேற்பரப்புக்கும் பங்கு உண்டுன்னு அடித்துச் சொன்னவர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்.

1883-ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் பிறந்த கறுப்பின விஞ்ஞானி. உட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் பல கோடைக்காலங்கள் கடல் உயிரினங்களின் முட்டைகளை ஆராய்ந்தார். 1916-ல் சிகாகோவில் முனைவர் பட்டம். ஆனாலும் நிறவெறியால், பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கதவைத் திறக்கவே இல்லை. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், பிறகு ஐரோப்பா போனார். 1939-ல் தன் கருத்துகளைப் புத்தகமாக வெளியிட்டார். 1940-ல் பிரான்ஸில் நாஜிக்களிடம் சிறைப்பட்டார். விடுதலையாகி நாடு திரும்பி, 1941-ல் 58 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

எம்ஆர்என்ஏ கண்டறியப்பட்டது அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1961-ல். இன்று நமக்குத் தெரியும்: பழ ஈயின் முட்டையில் 'பைகாய்ட்' எம்ஆர்என்ஏவை மோட்டார் புரதங்கள் நுண்குழல்கள் வழியாக ஒரு முனைக்கு இழுத்துப் போகின்றன. அந்த முனையில்தான் தலை உருவாகும்.

மரபணு செய்தியை எழுதினால் மட்டும் போதாது, அது சரியான இடத்துக்குப் போய்ச் சேரணும். உட்கருவுக்கு வெளியேயும் பாருங்கள் என்ற ஜஸ்ட்டின் பேச்சை, அவர் காலத்தில் கேட்டவர்கள் குறைவு.