ரேடியோ அலை மட்டுமில்ல... 23 வயதில் ஹெர்ட்ஸ் போட்ட இன்னொரு கணக்கு! ரயில் சக்கரத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

எஃப்எம்-ல் மெகாஹெர்ட்ஸ், கம்ப்யூட்டரில் ஜிகாஹெர்ட்ஸ் என்று தினமும் ஒருவர் பெயரைச் சொல்கிறோம். ரேடியோ அலைகள் இருப்பதைச் சோதனையில் காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹென்ரிச் ஹெர்ட்ஸ்தான் அவர். ஆனா, ரயில் சக்கரமும் பால் பேரிங்கும் டிசைன் செய்யும் இன்ஜினியர்களுக்கு அவரை வேறொரு காரணத்துக்காகத் தெரியும்.

1857 பிப்ரவரி 22-ல் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். இன்ஜினியரிங் படிக்கப் போய், பிறகு இயற்பியல் பக்கம் திரும்பினார். 1880-ல் பெர்லினில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்த வருஷ கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் விஷயமே ஆரம்பித்தது. இரண்டு கண்ணாடி லென்ஸ்களை ஒன்றோடு ஒன்று வைத்தால் ஒளி வளையங்கள் தெரியும். சேர்த்து அழுத்தும்போது கண்ணாடியே கொஞ்சம் நசுங்குமே, அது வளையங்களைப் பாதிக்காதா? இந்தச் சந்தேகம்தான் அவருக்கு. விடுமுறை முடிவதற்குள் விடை கிடைத்தது. 1881 ஜனவரியில் பெர்லின் இயற்பியல் சங்கத்தில் அதை முன்வைத்தார். அப்போது வயது 23.

அப்படி என்ன கணக்கு?

ஒரு இரும்புக் குண்டைத் தட்டையான இரும்பின் மேல் வைத்தால், ஒரே ஒரு புள்ளியில் தொடுவதுபோல் தெரியும். நிஜத்தில் சுமை ஏறியதும் இரண்டுமே லேசாக நசுங்கி, குட்டி வட்டமாகத் தொடும். அந்த வட்டம் எவ்வளவு பெரிசு, அழுத்தம் எங்கே அதிகம் என்பதைத்தான் ஹெர்ட்ஸ் சொன்னார். சுமையை 8 மடங்கு ஆக்கினாலும் வட்டத்தின் ஆரம் 2 மடங்குதான் ஆகும். நடுவில் இருக்கும் அழுத்தம் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு.

பின்னால் வந்தவர்கள் இதே கணக்கை நீட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. உலோகத்தை வெட்டப் பார்க்கும் விசை உச்சத்தில் இருப்பது மேற்பரப்பில் இல்லை, அதற்குச் சற்றுக் கீழே. பேரிங்கிலும் தண்டவாளத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்தே விரிசல் கிளம்ப இது ஒரு முக்கியக் காரணம். பல டன் சுமையைத் தாங்கும் ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம், ஒரு சின்ன நாணயம் அளவுதான்!

இதை வைத்து உலோகத்தின் கடினத்தை அளக்கவும் ஹெர்ட்ஸ் 1882-ல் ஒரு வழி சொன்னார். அது பெரிதாக எடுபடவில்லை. அவரும் வேறு ஆய்வுகளுக்குப் போய்விட்டார். 1886-ல் கார்ல்ஸ்ரூவில் தொடங்கிய ரேடியோ அலைச் சோதனைகள் உலகப் புகழ் தந்தன. ஆனா ஆயுசு இல்லை. நோயோடு போராடி, 1894 ஜனவரி 1-ல் பான் நகரில் இறந்தபோது அவருக்கு வெறும் 36 வயது. மனைவியும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

இப்போ கம்ப்யூட்டர் இருக்கே, அந்தப் பழைய கணக்கு எதற்கு?

ஹெர்ட்ஸ் வழவழப்பான, உராய்வே இல்லாத, ஒட்டாத பரப்புகளைத்தான் எடுத்துக்கொண்டார். நிஜ உலோகத்தை உருப்பெருக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். 1966-ல் கிரீன்வுட், வில்லியம்சன் இருவரும் ஒவ்வொரு மேட்டையும் ஒரு குட்டி ஹெர்ட்ஸ் குண்டாக நினைத்து, அத்தனையையும் கூட்டிப் பார்த்தார்கள். மணல், மாத்திரைத் தூள் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்களிலும் இரண்டு துகள்கள் மோதும் இடத்தில் பெரும்பாலும் அவர் சூத்திரம்தான் வேலை செய்கிறது.

உராய்வு, தேய்மானம், ஒட்டுதல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் புது மென்பொருள் எழுதுகிறவர்கள், வழக்கமாக முதலில் ஒரு குண்டைத் தட்டையான பரப்பில் அழுத்திப் பார்க்கிறார்கள். திரையில் வரும் விடை, அந்த 23 வயது இளைஞரின் விடையோடு ஒத்துப்போகவில்லை என்றால் மென்பொருளில்தான் தவறு தேடுவார்கள்.